லிண்டவெல்டேயில் நிற்காதே

"லிண்டவெல்டே சர்ச் கோபுரம் தெரிஞ்சதும் முன்னாடி போ. 'இது என் ஊரு, எங்கம்மா நிக்கிறாங்க'ன்னு வேர்லெகிட்ட சொல்லு. விட்டுடுவாங்க. விட்டதும் நிக்காதே, போய்க்கிட்டே இரு."

சைக்கிள் அணியின் மேலாளர் கோடெலீவ் வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

யோலீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் ஊரு கடற்கரையில இருக்கு. லிண்டவெல்டேயை நான் பார்த்ததுகூட இல்ல!"

"பந்தயம் முடிய பதினாலு கிலோமீட்டர் இருக்கும்போது வரும். ஒரு சர்ச்சு, நாப்பது வீடு. பட்டியலைப் பார்த்துட்டேன். எண்பது பேர்ல ஒருத்திகூட அந்த ஊரு இல்ல."

"இது ஏமாத்து வேலை."

"ஆமா. வேற வழி இருந்தா சொல்லு."

யோலீனுக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. மார்ச் மாதம் ஒரு மெத்தைக் கம்பெனி ஆசை ஆசையாக இந்தப் பெண்கள் சைக்கிள் அணியைத் தொடங்கியது. ஆகஸ்டிலேயே ஆசை தீர்ந்துவிட்டது. இன்றைய பந்தயத்தோடு அணிக்கு மூடுவிழா. ஒன்பது பேரில் நான்கு பேர்தான் மிச்சம். நாற்பத்தோரு பந்தயங்கள், வெற்றி பூஜ்யம். சட்டையில் தலையணைப் படம் வேறு. "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்காத அணி பெல்ஜியத்தில் இல்லை.

'ஒரே ஒரு வெற்றியைக் காட்டு, உன்னை எடுத்துக்கொள்கிறேன்' என்று இத்தாலிய அணிக்காரர் ஒருவர் யோலீனிடம் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் கடையில் இறால் உரிக்க வேண்டியதுதான்.

சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால் அந்த ஊர்க்காரி முன்னால் போய், இறங்கி, வீட்டாருக்கு முத்தம் கொடுக்கலாம். அதுவரை மற்றவர்கள் மெதுவாக ஓட்டுவார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதாத மரியாதை இது. அதை வைத்து ஏமாற்றுகிறவளோடு பிறகு ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

மழையில் பந்தயம் தொடங்கியது. மூன்று மணி நேரம் கழித்து, வயல்களுக்கு அப்பால் அந்தக் கோபுரம் தெரிந்தது. யோலீன் முண்டியடித்து முன்வரிசைக்குப் போனாள். அங்கே வேர்லெ ஓட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது, பெரிய அணியின் தலைவி. அவள் கை காட்டினால் மொத்தக் கூட்டமும் வேகம் குறைக்கும்.

"வேர்லெ, அடுத்து வர்றது எங்க ஊரு. எங்கம்மா நிக்கிறாங்க. முன்னாடி போய்ட்டு வரட்டுமா?"

வேர்லெ திரும்பி அவளையே பார்த்தாள். பக்கத்தில் வந்த நாலைந்து பேர் கொல்லென்று சிரித்தார்கள்.

"மெத்தைக்கு அம்மாவாம்!" என்றாள் ஒருத்தி.

"அம்மா எத்தனை வருஷமா அந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டாள் வேர்லெ.

"பொ... பொறந்ததுலேருந்து."

சிரிப்பு இன்னும் பலமானது. வேர்லெ மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தினாள். "மெதுவா, மெதுவா! பொண்ணு அம்மாவைப் பார்க்கப் போகுது, வழி விடுங்க!"

யோலீன் பாய்ந்தாள். சர்ச் வாசலில் யார் யாரோ கையசைத்தார்கள். ஒருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டும்போது நாற்பது நொடி முன்னால் இருந்தாள்.

அவள் நிற்கவில்லை என்று தெரிந்ததும் கூட்டம் வெறியோடு துரத்தத் தொடங்கியது. நாற்பது நொடி முப்பதானது, பதினைந்தானது. பின்னால் சக்கரங்களின் இரைச்சல் கேட்டது. தொடை எரிந்தது, மூச்சு முட்டியது. இறால், இறால் என்று நினைத்து நினைத்தே மிதித்தாள்.

நான்கு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தாள்!

அணியின் மற்ற மூன்று பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். கோடெலீவ் நனைந்த சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தாலிக்காரர் தடுப்பைத் தாண்டி வந்து, "திங்கட்கிழமை கிளம்பி வா" என்று கையைக் குலுக்கினார். தலையணைச் சட்டையோடு மேடையில் ஏறி நின்றபோது யோலீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கீழே வேர்லெ காத்திருந்தாள். யோலீன் நேராகப் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. அது எங்க ஊரே இல்ல. எங்கம்மாவும் அங்க இல்ல."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நான் இருந்த மூணு அணியை மூடியிருக்காங்க. கடைசி நாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." வேர்லெ அவள் தோளில் குத்தினாள். "ஆனா உன்னைத் துரத்தினது நெஜமாத்தான். உயிரை விட்டு மிதிச்சேன், பிடிக்க முடியல. அது உன் காலு ஜெயிச்சது."

யோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது எங்க ஊரு இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்கம்மா மே மாசம்தான் லிண்டவெல்டேக்குக் குடிவந்தாங்க. முன்னாடி போய் அவங்களைப் பார்த்துட்டு வர்றேன்னு காலையிலயே எல்லா அணிகிட்டயும் கேட்டு வச்சிருந்தேன். மெத்தைக்காரங்க நீங்க மட்டும்தான் வழக்கம்போல லேட்டு."