காளி நதியில் வெங்கடேஷ்

“யக்கா, கேக்குதா? ரப்பர் படகுல இருக்கோம்! தண்ணி என்னமா அடிக்குது தெரியுமா!”

ஷவரை முழுதாகத் திறந்துவிட்டு, நனையாத தூரத்தில் கைபேசியைப் பிடித்தபடி வெங்கடேஷ் கத்தினான். அவன் மனைவி ஸ்வர்ணலதா கொஞ்சமும் சிரிக்காமல் வாளித் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் அடித்தாள். துடுப்புச் சத்தம்.

“காட்டுக்குள்ள டவரு கெடைக்குதால?” என்றாள் மறுமுனையில் அக்கா சுந்தரவல்லி.

“கெடைக்குதுக்கா. போன கழுத்துல பையில போட்டுத் தொங்க விட்டிருக்காங்க!”

தி.நகரில், ஜவுளிக்கடைகளுக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு வாங்கியதுதான் அவர்கள் செய்த தப்பு. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணமென்றாலும் பட்டெடுக்கச் சென்னை, தங்க இவர்கள் வீடு. கூடம் நிறையப் பாய். குளியலறை வாசலில் வரிசை. இப்போது அக்கா மகள் பூஜாவுக்கு நிச்சயமாகியிருந்தது. இந்த வாரம் வருவதாகப் பேச்சு. அக்கா வாய் திறந்து கேட்பதற்குள், தாண்டேலிக் காட்டில் காளி நதியில் படகு விடப் போகிறோம் என்று ஸ்வர்ணலதா முந்திக்கொண்டாள். அடுத்த வேளைக்கு என்ன என்று யாரும் கேட்காத ஒரு வாரம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நேற்றிலிருந்து திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இருவரும் சொந்த வீட்டில் திருடர்களைப்போல நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

“என்னைக்குத் திரும்புவிய?”

“ஞாயித்துக்கெழம ஆயிரும்க்கா.”

“நிச்சயமா? நடுவுல கெளம்பி வந்துர மாட்டியளே?”

ஸ்வர்ணலதாவின் கை நின்றது. எதற்கு இவ்வளவு விசாரணை? சந்தேகம் வந்துவிட்டதா? அடி, அடி என்று வெங்கடேஷ் ஜாடை காட்டினான்.

“யக்கா, முன்னால பெரிய பாறை! கைடு குனியச் சொல்றாரு... எடது பக்கம் தள்ளு, தள்ளு! ஐயோ, படகே செங்குத்தா நிக்குது... விழுந்துட்டோம்! இல்ல, படகோடதான் விழுந்தோம்!”

சொல்லிக்கொண்டே நிஜமாகக் குனிந்துவிட்டான். ஷவரில் தலை நனைந்ததுகூடத் தெரியவில்லை. ஸ்வர்ணலதா அவனையே பார்த்தாள். கடை, ஜிஎஸ்டி, முதுகுவலி தவிர வேறெதையும் பேசாத மனிதர். இப்படி ஒருவர் இத்தனை வருஷம் எங்கே இருந்தார்? நிஜமாகவே போயிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது.

“ஒண்ணுமே வெளங்கல. சொர்ணத்துக்கிட்ட குடுல.”

வெங்கடேஷ் ஷவரை மூடினான். “கரையேறிட்டோம்க்கா, இந்தா.”

ஸ்வர்ணலதா கைபேசியோடு கூடத்துக்கு வந்தாள்.

“மதினி, பூஜாவுக்கு ஜவுளி எடுக்குற நேரம் பாத்து நாங்க இல்லாமப் போயிட்டோமேன்னு மனசே ஆறல.”

“அதுக்கு என்னம்மா செய்ய? அடுத்த மாசம் பாத்துக்கிடுதோம். இங்க தென்காசில சும்மாதான் கெடக்கோம். நீங்க அவசரப்பட்டு வந்துராதிய, என்ன?”

அந்தப் பெரிய மனசு ஸ்வர்ணலதாவை உறுத்தியது. இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம்? உண்மை வாய்வரை வந்துவிட்டது.

“வெங்காயம், வெங்காயம்! பெரிய வெங்காயம்!”

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி. காட்டாற்றில் ஏது வெங்காயம்? அவசரமாக ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். அப்போதுதான் உறைத்தது. அதே குரல் கைபேசிக்குள்ளிருந்தும் வந்துகொண்டிருந்தது, இன்னும் சத்தமாக.

திரைச்சீலையை விரலால் விலக்கினாள். கீழே வெங்காய வண்டிக்குப் பக்கத்தில், கைகொள்ளாத ஜவுளிப் பைகளோடு சுந்தரவல்லியும் அவள் கணவர் சுயம்புலிங்கமும் பூஜாவும் நின்றார்கள்.

சுந்தரவல்லி கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கணவரிடம் சொன்னது, அப்படியும் ஸ்வர்ணலதாவின் காதில் தெளிவாக விழுந்தது: “ஞாயிறு வரைக்கும் வர மாட்டாவளாம், தைரியமா நடங்க. அவ பெருமூச்சு விட்டு விட்டுச் சுடுத தோசைக்கு நம்ம லாட்ஜே தேவல.”

ஸ்வர்ணலதா ஜன்னலைப் படாரென்று திறந்தாள். “மதினி! அங்க என்ன நிக்கிய? எல்லாரும் மேல வாங்க, தோசை ஊத்துதேன்!”