கனகாம்பர அறையில் முந்நூற்றிநாலு

கனடாவின் ரொறன்ரோவில் இப்போது வீடுகள் ஆள் இருக்கும் அறைக்கு மட்டுமே சூடு கொடுக்கின்றன. செடிகளை வீடு ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. போன குளிர்காலத்தில் தவமலர் உள்ளே எடுத்துவைத்த கனகாம்பரங்கள் ஆளில்லாத அறையில் விறைத்துச் செத்தன.

இந்த மாசியில் மகள் துளசிக்குக் கல்யாணம். தான் வளர்த்த பூவையே அவள் தலையில் வைக்க வேண்டும் என்று தவமலருக்கு ஆசை. பகலில் செடிகளோடு இருந்து தைத்தாள். இரவில் கணவர் அங்கே பாய் போட்டார். அவள் சமைக்கும் பின்னேரங்களுக்குத்தான் ஆளில்லை. சத்தம் தாங்காமல் முன்பு தானே துரத்திய, அவரோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடும் கூட்டாளிகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நாளையில இருந்து இங்க வந்து விளையாடுங்கோ."

"உண்மையாவோ பிள்ளை? போன முறை செருப்பெல்லோ எறிஞ்சனீ," என்றார் குகநேசன்.

"இப்ப தேத்தண்ணி தாறன்."

தை மாதத்தில் ஒருநாள் துரும்புச் சீட்டில் சண்டை வந்தது. குகநேசன் சீட்டை வீசிவிட்டு எழும்பினார், மற்றவர்களும் எழும்பினார்கள். தவமலர் அகப்பையோடு கதவை மறித்தாள்.

"பூ பூக்கும் வரைக்கும் ஒருத்தரும் கோவிக்கேலாது. இருங்கோ."

இருந்தார்கள்.

கல்யாணத்தன்று வெளியே பனி கொட்டியது. துளசியின் கொண்டையைச் சுற்றிச் செம்மஞ்சளாகக் கனகாம்பரம். "இந்தக் குளிருக்க ஆர் வளர்த்தது?" என்று மாப்பிள்ளையின் தாய் வியந்தார்.

"நாங்கள்தான்," என்றார் குகநேசன். "சரியான கஷ்டப்பட்டனாங்கள்."

தவமலர் அவருக்கு இன்னொரு லட்டு வைத்தாள்.