செவ்வாயில் விழுந்தவள்

திண்டுக்கல் தியேட்டரில் கிளாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் விண்வெளி உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி, செவ்வாய் கிரகத்துப் பாறை ஒன்றில் கயிறு பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள்.

"கால் வழுக்குதுங்க. அவள எறங்கச் சொல்லுங்க," என்று கணவர் டோனியின் கையைப் பிடித்தாள் கிளாரா.

"செத்த நேரம் பேசாம இரு," என்றார் அவர். அவர் கையும் சில்லிட்டிருந்தது.

கயிறு அறுந்தது. அந்தப் பெண் பாறையில் மோதி, இடது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ள, கீழே வந்து விழுந்தாள். கிளாரா வாய்விட்டு அழுதாள்.

பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தாள். "படந்தானக்கா. கதாநாயகி சாகமாட்டா, பாருங்க."

அவள் சொன்னபடியே, தலைக்கவசக் கண்ணாடிக்குள் கதாநாயகியின் முகம் சிரித்தது. தியேட்டரே கைதட்டியது. கிளாரா எழுந்து வெளியே போய்ச் சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஐரின், கதாநாயகிக்கு டூப் போடுறது சும்மா நடக்குற வேலைதான், விழுகுறதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிருவாங்கன்னு சொன்னியேடி. பாத்ரூம்ல வழுக்கியா உனக்கு இடது கை ஒடஞ்சுச்சு?"



"விழுந்தது நல்லா வந்திருக்காம்மா?" என்று மெல்லக் கேட்டாள் ஐரின்.