ஒரு நூல் கோணல்

"எண்பதுல போய்க்கினு இருந்தேன்ப்பா. ஹேண்டில் தானா ஆட ஆரம்பிச்சிச்சு. ஒரே இழுப்பு, இடது பக்கமா. நான் இன்னா பண்றது?" என்றார் தனசேகரன்.

மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி இது அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. டாக்டரிடம் சொன்னார், மாமனாரிடம் சொன்னார், தண்ணீர் கேன் போட வந்த ஆளைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார். இப்போது மெக்கானிக் வேடியப்பனின் முறை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் மனைவி திலகவதி, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

நெடுந்தூரம் சுற்றுவதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கிய பெரிய வண்டி அது. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி வைத்தது. நண்பர்களோடு ஏலகிரி, ஏற்காடு என்று சுற்றியவர், மனைவியை முதல்முறையாக ஏற்றிக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனார். திரும்பும் வழியில் கீழே போட்டுவிட்டார். வண்டிக்கு ஒரு கண்ணாடி போனது, அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. திலகவதிக்கு மணிக்கட்டு எலும்பே உடைந்துவிட்டது. தறியில் அவள் பாதி நெய்த கல்யாணப் பட்டு அன்றிலிருந்து அப்படியே நிற்கிறது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொந்த வீட்டுக்குள் நுழையவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கோளாறு வண்டியில்தான் என்று ஒரு மெக்கானிக் வாயால் அவள் கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நடமாடலாம். அதற்காகவே இன்று அவளையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

வேடியப்பன் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி கட்டை வைத்தான். ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். ஹேண்டிலை மெல்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினான்.

"ஹேண்டிலோட கோன் செட்டு போயிடுச்சா?" தனசேகரன் ஆவலாகக் கேட்டார்.

"அது நல்லாத்தான் கீதுண்ணா."

"அப்ப டயரு?"

"காத்து கரெக்டா கீது. தேய்மானமும் இல்ல."

தனசேகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லா பாருப்பா. ஏதாவது ஒண்ணு இருக்கணும். இல்லாம எப்பிடி ஆடும்?"

"பொறுமையா பாக்கட்டுமேங்க. இன்னா ஜல்தி?" என்றாள் திலகவதி.

வேடியப்பன் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தவன், ஆணியில் மாட்டியிருந்த நூல்கண்டை எடுத்தான்.

"நூல் போட்டுப் பாத்துடலாம். ரெண்டு சக்கரமும் ஒரே நேரா இல்லேன்னா ஸ்பீடுல ஆடத்தான் செய்யும்."

ஆரணியில் நூலுக்கு என்ன பஞ்சம்? தறியில் பாவுக்குப் போக மிஞ்சிய பட்டு நூலை நாலு இழையாக முறுக்கி வைத்திருந்தான். அதைப் பின் டயரை ஒட்டி முன் டயர் வரைக்கும் கொண்டு போனான்.

"அண்ணி, இந்த முனைய கொஞ்சம் புடிச்சிக்கறீங்களா?"

திலகவதி குந்தி உட்கார்ந்து, இடது கையால் நூலை வாங்கி விறைப்பாகப் பிடித்தாள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று தளர்ந்தாலும் விளக்குப் போடாமலே கண்டுபிடிக்கிறவள் அவள். வேடியப்பன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பின் சக்கரம் ஒரு நூல் கோணலா கீதுண்ணா. செயின் டைட் பண்ணும்போது ஒரு பக்கம் அதிகமா இழுத்துட்டாங்க போல. அதான் ஆடிகீது. உங்க மேல தப்பே இல்ல."

தனசேகரன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து, நூல் டயரைத் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி, கோணல்தான்" என்றாள் திலகவதி. "இந்த வண்டிய யாரு ஓட்டியிருந்தாலும் விழுந்துதான் இருப்பாங்க. நல்லபடியா சரி பண்ணிடு."

நூலைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "நான் போய் ஆட்டோ பாக்குறேன், வாங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் தெருமுனைப் பக்கம் நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் தனசேகரன் வேடியப்பன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலையில போன்ல கெஞ்சினதுக்கு என் மானத்தக் காப்பாத்திட்டப்பா. ஒரு கையில செல்போன வச்சிப் பாத்துகினு ஓட்டினேன், அதான் விழுந்தோம்னு அவளாண்ட எந்த வாயால சொல்லுவேன்?" சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப் போனது. "ஆனா ஒண்ணு. அவளே கோணல்னு சொல்லிட்டா பாரு, அதான் எனக்கு ஆச்சரியம்."

வேடியப்பன் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"நூல் நேராத்தான் இருந்துச்சு, அது அண்ணிக்குத் தெரியாதாண்ணா? நேத்து சாயங்காலமே வந்து, 'அவரு செல்லப் பாத்துகினு ஓட்டினத நானும் பின்னால உக்காந்து பாத்துகினுதான் இருந்தேன், ஆனா வண்டி மேலதான் தப்புன்னு சொல்லிடு தம்பி, மனுஷன் மூணு வாரமா என் மூஞ்சியப் பாக்க முடியாம தவிச்சிகினு கீறாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."