மாரிக்கு முன் ஒரு கூரை

கூரையில் குந்தியிருந்து, வெடித்த ஓட்டை மெல்லக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டைச் செருகினார் கந்தப்பு.

ஐப்பசி பிறந்துவிட்டது. மாரி தொடங்கினால் பூட்டிக் கிடக்கும் வீடு தாங்காது. சுவர் ஊறும். கதவு நிலைகளில் கறையான் ஏறும்.

கீழே அவர் மனைவி இரத்தினம்மா யன்னல்களுக்குத் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

உடுவிலில் தங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்த இந்த வீட்டை அவர்கள் எப்போதும் வாடகைக்குத்தான் விட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வைகாசியில் தெற்கே தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டதும் குடியிருந்தவர்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார்கள். அங்கே வேலையாய் இருந்த மகன் சீவரத்தினம், அவன் பெண்சாதி, கைக்குழந்தை மூவரும் அகதிக் கப்பலில் வந்து இறங்கினால் இருக்க இடம் வேண்டுமே.

கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கந்தப்பு காங்கேசன்துறைக்குப் போய் நின்றார். கடைசிக் கப்பலில் மகனோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர் இறங்கினார். கந்தப்புவை ஒரு பக்கமாக அழைத்துப் போய், மூன்று பேரும் வீட்டோடு எரிந்ததைச் சொன்னார்.

கந்தப்பு வீட்டுக்கு வந்து, “முகாமிலை பத்திரமாய் இருக்கினமாம். பிறகு வருவினம்,” என்றார்.

“ஓம்,” என்றாள் இரத்தினம்மா.

அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. விடிந்தால் இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். கூரைப் பீலியில் குப்பை அள்ளினார். விறாந்தைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவள் காட்டிய இடத்தில் தொட்டிலுக்குக் கொளுக்கிகூடப் போட்டார். கை ஓய விடவில்லை.

வாசல் படலையைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் வந்தான்.

“ஐயா, வீடு சும்மாதானே கிடக்குது? வாடகைக்குத் தருவியளோ?”

“இல்லைத் தம்பி, மகன் வாறான்,” என்றார் கந்தப்பு கூரையில் இருந்தபடி.

இளைஞன் திரும்பினான். இரத்தினம்மா அவன் பின்னால் படலைவரை போனாள். கந்தப்பு தெருப்பக்கச் சரிவுக்கு நகர்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“மாரி முடிய ஒருக்கா வாரும், தம்பி,” என்றாள் தணிந்த குரலில். “எங்கடை பிள்ளையள் இனி வரமாட்டினம். எனக்கு ஆனியிலேயே தெரியும்; கப்பலிலை வந்த ஒரு மனுசி சொன்னவ. அவருக்குத்தான் இன்னும் தெரியாது. இந்த வேலையும் இல்லாட்டி மனுசன் செத்துப்போவார்.”

அவள் படலையைச் சாத்தும்வரை கந்தப்பு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

பிறகு, அவளுக்குக் கேட்கட்டும் என்று, சுத்தியலை எடுத்து ஆணி அடிக்கத் தொடங்கினார்.