மூன்றாம் தடவை போன மரை

"மூணாவது தடவையாக்கும் எலே! ஒனக்குத் தொழில் தெரியுமா, தெரியாதா?"

சுந்தரதாஸ் படகு எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் ரெஜியின் சாயா கிளாஸ் கவிழ்ந்தது. பாறசாலை ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறையில் வண்டி ரிப்பேருக்குக் காத்திருந்த இரண்டு ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெஜிக்குக் காது மடல் சுட்டது. பிளக் மாட்டும் துளையில் திருகு மரை மறுபடியும் சிதைந்து கிடந்தது. முதல் தடவை வந்தபோதே துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் இறக்கி, புது மரை போட்டுக் கொடுத்திருந்தான். எஞ்சின் உள்ளவரை தாங்க வேண்டிய வேலை அது. ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது தடவையும் அதே கதிதான்.

"ரெண்டு வாரமா வள்ளம் பாதி நாளும் கரையில கெடக்கு சேட்டா" என்றான் கூட வந்த வினீத். சுந்தரதாஸின் மனைவிக்குத் தம்பி; இருவரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். "எங்க பொழியூர்ல எல்லாரும் கேக்காவ, எந்தப் பட்டறையின்னு."

அதுதான் ரெஜியை அரித்தது. இந்த ஒரு மரையால் கடற்கரை வேலை மொத்தமும் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. நேற்றுகூட ஒருவர் அவன் கடையைத் தாண்டி எஞ்சினைக் கொண்டுபோனார், முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு பழைய சுருளைப் பிடுங்கினான். புதுச் சுருள் பாதி இறங்கிக் கோணிக்கொண்டது. ஏசிக்கொண்டே அதையும் வெளியே எடுத்து எறிந்துவிட்டு, இன்னொன்றை இறக்கினான். அது ஒழுங்காக உட்கார்ந்தது.

"அர மணிக்கூர்ல தந்திருவேன்."

"அவசரம் ஒண்ணும் இல்ல மக்கா" என்றார் சுந்தரதாஸ். குரல் திடீரென்று தணிந்திருந்தது. "நாளையோ மறுநாளோ தந்தா போதும். பைய செய்."

வினீத் முகத்தைச் சுளித்தான். "என்ன அத்தான் சொல்லுதிய? மீன் படுற நேரமாக்கும். இன்னிக்கே வேணும்." ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு இறங்கினான்.

ரெஜி பழைய சுருளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் மட்டும் அறுந்திருந்தது. பிளக்கை நேராக வைத்தால் இப்படி அறுக்காது. சாய்த்து வைத்து, ஸ்பானரில் குழாய் மாட்டி, பலம் முழுக்கப் போட்டு முறுக்கியிருக்க வேண்டும்.

"அண்ணா, குத்தம் என் வேலையில இல்ல. ஆரோ வேணும்னு வச்சே கெடுத்ததாக்கும்."

சுந்தரதாஸ் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இந்த எஞ்சினத் தொடுறது நீங்களும் ஒங்க மச்சினனும்தான். நீங்க ஊரு கேக்க நின்னு சத்தம் போடுதிய. அப்ப அவன்தான்! வரட்டும். இந்த ஆட்டோக்காரங்க ரெண்டு பேருக்கு முன்ன வச்சே கேப்பேன். எனக்க பேரக் கெடுத்ததுக்கு அவன் பதில் சொல்லட்டு."

வெளியே ஆட்டோ வந்து நின்றது. ரெஜி அறுந்த சுருளோடு வாசலுக்கு நடந்தான்.

சுந்தரதாஸ் எட்டி அவன் கையைப் பிடித்தார். இருபத்தைந்து வருஷம் வலை இழுத்துக் காய்த்துப்போன கை.

"அவன்கிட்ட கேக்காத மக்கா. முறுக்குனது நானாக்கும்."

ரெஜிக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு அண்ணா?"

ஆட்டோவிலிருந்து இறங்கும் வினீத்தின் காதில் விழாதபடி, சுந்தரதாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் வள்ளம் கவுந்து மறிஞ்சதுக்குப் பெறவு, எனக்குக் கடலக் கண்டாலே பயமாக்கும்."