ஆறு பசு

நாய் குரைத்த குரைப்பில் அமோரி துள்ளிப் பின்வாங்கினான். பளபளவென்றிருந்த ஷூ கணுக்கால்வரை சாணியில் புதைந்தது.

"கடிக்காது தம்பி, சத்தம் போடத்தான் லாயக்கு!" என்றபடி கதவைத் திறந்தாள் மதாம் ரோஷா. விதவைகள் உடுத்தும் கறுப்பு உடை, சுருங்கிய முகம். வாசலோரம் ஒரு ஜோடி ஆண்பிள்ளை பூட்ஸ் பனி சொட்டிக்கொண்டு நின்றது. புருஷன் செத்தும் அவன் பூட்ஸை விடாத கஞ்சத்தனம் என்று அமோரி முகம் சுளித்தான்.

அவன் ஜெனீவாவில் ஓர் ஏலக் கம்பெனியின் கடிகார மதிப்பீட்டாளன். பழைய சுவர்க் கடிகாரம் விற்க வேண்டுமென்று கிழவி போன் செய்ததால் இந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தான். வழியெல்லாம் பனி, அது விட்டால் மாடு.

சுவர்க் கடிகாரத்தை நின்றபடியே பார்த்தான். "அடுப்பு எரிக்க ஆகும்."

"அப்படியா? சரி, வந்ததுக்கு ஒரு வாய் சீஸாவது சாப்பிட்டுட்டுப் போ." கிழவி திரிந்த பால் தொட்டிக்குள் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினாள். கை வெளியே வந்தபோது அமோரிக்கு மூச்சே நின்றுவிட்டது.

மணிக்கட்டில் ஒரு கடிகாரம். கருநீல முகப்பில் தங்க நிலா, தேதி, கிழமை, மாதம், லீப் வருடம்கூடக் காட்டும் குட்டிக் குட்டி வட்டங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய கடிகார நிறுவனம் தன் நூற்றைம்பதாவது ஆண்டுக்காக வெள்ளைத் தங்கத்தில் செய்த முப்பதே முப்பது கடிகாரங்களில் ஒன்று! இருபத்தொன்பது எங்கே இருக்கின்றன என்று உலகத்துக்கே தெரியும். முப்பதாவதை ஓய்வுபெற்ற ஒரு ஃபோர்மேனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு.

அதில் ஒன்றை வாங்க அமோரி ஆறு வருடம் அந்த நிறுவனத்துக்கு நடையாக நடந்தவன். 'உங்களுக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை' என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். தகுதி இதோ, மோரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

"கையில என்ன அது?" என்றான், கொட்டாவி விடுகிற குரலில்.

"இதுவா? என் வீட்டுக்காரர் ஃபெர்னானோடது. ஃபாக்டரியில குடுத்தாங்க. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பூனையைக் கூப்பிட வசதியா இருக்கு."

"பூனையையா!"

வெளியே தேவாலய மணி நான்கு அடித்து ஓய்ந்தது. கிழவி பலகைச் சுவரில் சாய்ந்து நின்று, "மினேத்!" என்று வீடு அதிரக் கத்தினாள். கடிகாரத்தின் விளிம்பிலிருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளினாள்.

டிங்... டிங்... டிங்... டிங்... டிங்.

அந்த மரவீடே சேர்ந்து பாடியதுபோல் இருந்தது. பூனை ஓடி வந்தது.

அமோரிக்குப் புல்லரித்தது. தள்ளினால் மணி சொல்கிற கடிகாரம்! முகப்பைப் போலி செய்யலாம், நிலாவைப் போலி செய்யலாம். இந்தக் குரலைப் போலி செய்ய இன்னொருவன் பிறந்து வரவேண்டும். ஆமாம், ஏன் ஐந்து அடித்தது? குளிர்காலம் வந்தால் இந்த நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கவேண்டும் என்பதுகூட இந்த மாட்டுக்காரிக்குத் தெரியவில்லை!

கிழவி கடிகாரத்தைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தாள். பின்மூடியில் 30/30 என்று மின்னியது. சட்டைப்பையில் இருந்த பூதக்கண்ணாடியை நோக்கிப் போன கையை அமோரி இழுத்துக்கொண்டான். அதை எடுத்தால் ஆசை தெரிந்துவிடும். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும்.

"பொம்மைச் சாமான். இரும்பு. சந்தையில கூவிக் கூவி விக்கிறான்."

"எதிர் வீட்டுக்காரி மியூசியத்துல காட்டச் சொன்னாளே..."

"உங்களை வச்சுச் சிரிப்பாங்க. என் பொண்ணு விளையாடட்டும், ஐந்நூறு ஃபிராங்க் தர்றேன்."

கிழவி தலையாட்டினாள். "போன மாசம் சீக்கு வந்து ஆறு பசு போச்சு தம்பி. ஆறு பசு வாங்கற காசைக் குடு, எடுத்துக்கோ. குறைஞ்சா பூனை கழுத்துல கட்டுவேனே தவிர, ஃபெர்னானோட ஞாபகத்தைக் குடுக்க மாட்டேன்."

அமோரி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். இதன் உண்மையான விலைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற பசுக்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு போகலாம். மடச் சாம்பிராணி, பசுவில் கணக்குப் போடுகிறது!

பையில் இருந்தது கம்பெனிப் பணம். திங்கட்கிழமை கணக்குக் காட்டும்போது குறைந்தால் வேலை போய்விடும். ஆனால் அதற்குள் இதை விற்றால் வேலையே தேவைப்படாதே!

"உங்க கஷ்டத்தைப் பார்த்துத்தான் தர்றேன்," என்று ஆறு பசுவின் விலையான முப்பதாயிரம் ஃபிராங்கை மேசையில் வைத்தான். கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்பைக்குள் போட்டுக்கொண்டான். அதுதான் சாமர்த்தியம்.

"மகராசனா இரு தம்பி," என்று கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார் வளைவில் மறையும்வரை கையசைத்தாள். பிறகு கதவைத் தாழிட்டு வந்து, பலகைச் சுவரில் ஓங்கித் தட்டினாள்.

"யோவ் ஃபெர்னான், மணி நாலுய்யா... நீ எதுக்கு அஞ்சு தட்டினே?"